கரப்பான் உடம்பு, ஸ்டீராய்டு பயம், போர் தண்ணீர்: எக்ஸிமா இழை

கேள்வி (ஒரு வாசகி), மே 5, 2024

பையனுக்கு நாலு வயது. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து எல்லாம் தடித்துக் கறுத்துக் கிடக்கிறது. ராத்திரி முழுக்கச் சொறிகிறான். தோல் டாக்டர் எக்ஸிமா என்று சொல்லி ஒரு ஸ்டீராய்டு ஆயின்மென்டும் ஒரு மாய்ஸ்சரைசரும் எழுதினார். அத்தை, "கரப்பான் உடம்பு, கத்தரிக்காய் கருவாடு முட்டை எல்லாம் நிறுத்து" என்கிறார். வீட்டுக்காரர், இந்த மேடவாக்கம் போர் தண்ணீர்தான் காரணம், கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மெஷின் வைக்கலாம் என்கிறார். ஸ்டீராய்டு போட்டால் தோல் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். எதை முதலில் நிறுத்துவது?

பதில், மே 5, இரவு

எதையும் நிறுத்த வேண்டாம், போட ஆரம்பியுங்கள். டாக்டர் எழுதிய இரண்டையும், இன்று ராத்திரியே. பையன் தூங்கினால்தான் நீங்கள் தூங்குவீர்கள். நீங்கள் தூங்கினால்தான் மெஷின் வாங்குவதைப் பற்றி வீட்டுக்காரரிடம் சண்டை இல்லாமல் பேச முடியும்.

நான் டாக்டர் இல்லை. கைக்குழந்தையிலிருந்து இந்தத் தோலோடு இருக்கிறேன், என் மகளுக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஈரோட்டில் வளர்ந்தவள், மஞ்சளுக்குக் குறைவே இல்லை. அம்மாயி (அம்மாவின் அம்மா) வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்து வழித்துப் பூசிவிடுவார். சொறிந்து புண்ணான இடத்தில் அது எரிகிற எரிச்சலில் அரிப்பு மறந்துபோகும். காய்ந்ததும் தோலை இழுத்துப் பிடிக்கும், மறுபடி அரிப்பு. யூனிஃபார்ம் காலரெல்லாம் மஞ்சள்.

மே 6

"ஏற்கெனவே பத்து நாளாகப் போடுகிறோம், கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு போடுகிறீர்கள்? அந்த ட்யூப் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். 1991இல் லாங், ஃபின்லே என்ற இருவர் வேல்ஸில் அளந்து எழுதி வைத்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க டாக்டர்கள் அதைத்தான் சொல்கிறார்கள். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் உள்ளங்கை இரண்டு வைத்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவு இடத்துக்கு அந்த அரை கிராம். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு கை முழுக்க, தோளிலிருந்து விரல் வரை பரவியிருந்தால், நம் விரலில் இரண்டு முறை பிதுக்க வேண்டும். நம் வீடுகளில் பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு வைத்துவிட்டு, "ஸ்டீராய்டும் போட்டுப் பார்த்தாச்சு" என்கிறோம்.

மாய்ஸ்சரைசர் கதை இன்னும் மோசம். பிரிட்டிஷ் வழிகாட்டி நெறிகளில் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் என்று இருக்கிறது. வாரத்துக்கு! மெடிக்கல் ஷாப்பில் அழகான பம்ப் வைத்து விற்கிற பாட்டிலை அந்த வேகத்தில் தீர்த்தால் மாதச் சம்பளத்தில் பள்ளம் விழும்.

மே 6, சற்று நேரம் கழித்து

பணத்தைப் பற்றிப் பாதியில் விட்டுவிட்டேன். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 550 குழந்தைகளை லோஷன், கிரீம், ஜெல், ஆயின்மென்ட் என்று நாலு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள், 2022இல் முடிவு வந்தது. எக்ஸிமா அடங்குவதில் நாலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பையன் ஓடாமல் பூசிக்கொள்கிற எதுவோ, உங்களால் மாதாமாதம் வாங்க முடிகிற எதுவோ, அதுதான் சரியானது. வாசனை போட்டதை மட்டும் தவிருங்கள். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி பெரிய டப்பாவில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சென்னை மே மாதத்தில் அதைப் பூசி ஒரு குழந்தையைக் கரண்ட் போன வீட்டில் வைப்பது கொடுமை. வெயிலுக்கு லோஷன் அல்லது கிரீம், மார்கழிக்கு ஜெல்லி என்று நான் மாற்றிக்கொள்கிறேன்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒருவர் கேட்டார். போடலாம். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2014இல் வந்தது. வெர்ஜின் தேங்காய் எண்ணெய், மினரல் எண்ணெயைவிட நன்றாகவே வேலை செய்தது. இப்போது பிறந்த குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் மசாஜ் ஃபேஷனாகிவிட்டது. அதை விடுங்கள். தோலின் மேலடுக்கை அது தளர்த்துகிறது என்று 2013இல் ஷெஃபீல்டில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மே 9

ஸ்டீராய்டு. நாலு நாளாக இதைத் தள்ளிப்போட்டேன், நீளமாகும் என்று தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் ஸ்டீராய்டு ஆயின்மென்ட் எப்படி வீட்டுக்கு வருகிறது? "அண்ணே, அரிப்புக்கு ஏதாவது குடுங்க." மெடிக்கல் ஷாப்காரர் எடுத்துக் கொடுக்கிற ட்யூபில் பெரும்பாலும் மூன்று மருந்து கலந்திருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால். தோலில் போடும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை இந்தக் கடைசி ஆள். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். உண்மையில் அது படையாக இருந்தால், ஓரம் மங்கி, அடையாளம் தெரியாமல் உள்ளுக்குள் பரவும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் போட்டுத் தோல் வரிவரியாக வெடித்தவர்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். முகத்துக்கு "கலர் வர" போட்டவர்கள் இன்னொரு கூட்டம். தோல் மெலிந்து, பரு வந்து, பூனை முடி வளர்ந்து, நிறுத்தினால் முகம் எரியும். இந்த முகத்துக்கு ஒரு தனி நோய்ப் பெயரே வைக்க வேண்டிவந்தது நம் நாட்டுத் தோல் மருத்துவர்களுக்கு. அவர்கள் சங்கம் வருடக்கணக்கில் கத்திய பிறகு, 2018இல் மத்திய அரசு ஒரு டஜனுக்கு மேற்பட்ட ஸ்டீராய்டு ஆயின்மென்ட்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. சீட்டை யார் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆக, பயம் உண்மை. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. பெயர் தெரியாத ட்யூபை, என்ன நோய் என்று தெரியாமல், எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் போடுவது ஒன்று. டாக்டர் பார்த்து, எந்த இடத்துக்கு எந்த வீரியம் என்று எழுதிக் கொடுத்ததைப் போடுவது வேறு. லேசான ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு சதவீதம் எங்கே, குளோபெட்டசால் எங்கே! சீட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முகம், அக்குள், தொடையிடுக்குக்குத் தனியாக லேசானது எழுதியிருக்கிறாரா, இல்லை எல்லாவற்றுக்கும் ஒன்றா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற டாக்டரென்றால் வேறு டாக்டர்.

என் அனுபவத்தில் அரைகுறையாகப் போடுவதுதான் அதிக ஸ்டீராய்டில் கொண்டுபோய் விடுகிறது. மூன்று நாள் கொஞ்சம் தொட்டு, அரிப்பு குறைந்ததும் பயந்து நிறுத்தி, உள்ளே அடங்காததால் மறு வாரம் கிளம்பி, மறுபடி மூன்று நாள். தீ முழுசாக அணையவே இல்லை. சரியான அளவில், தோலைக் கையால் தடவினால் சொரசொரப்புத் தெரியாத வரை போட்டு, டாக்டர் சொன்னபடி நிறுத்தி, மாய்ஸ்சரைசரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டபோதுதான் என் மகளுக்கு ட்யூப் வாங்குவது குறைந்தது. கண் இமை, முகம் மாதிரி இடங்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் என்று ஒன்று இருக்கிறது. முதல் சில நாள் எரியும், அதை முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்துவிடுவார்கள்.

மே 10

"கையால் தடவினால்" என்றேன், கண்ணால் என்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

மே 21

சாஃப்ட்னர் கம்பெனி ஆள் வந்து ஒரு குப்பியில் சோப்பு நுரை காட்டிவிட்டுப் போனாராம். எங்கள் பக்கத்திலும் அந்தக் குப்பி வித்தை நடக்கும்.

கடினத் தண்ணீர் இருக்கும் ஊர்களில் எக்ஸிமா கூடுதலாகத் தெரிகிறது என்பது உண்மைதான். அதனால் மெஷின் வைத்தால் குறையுமா என்று இங்கிலாந்தில் முறையாகச் சோதித்தார்கள். 336 குழந்தைகள், பாதிப் பேர் வீட்டில் மெஷின், 12 வாரம். 2011இல் வந்த முடிவு: மருத்துவத்தோடு மெஷினும் சேர்ந்ததால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. ஹீட்டர் காயிலில் உப்புப் படியாமல் இருக்க, துணி வெளுக்க, பாத்திரத்தில் வெள்ளைக் கறை விழாமல் இருக்க வாங்குங்கள். பையன் தோலுக்காகக் கடன் வாங்கி வைக்காதீர்கள்.

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நாம் இன்னும் தேய்ப்போம், கழுவினாலும் போகாது, தோலில் தங்கும். நான் கைவைத்தது அந்த சோப்பில்தான். நம் தோலின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 5 பக்கம், சாதாரண சோப்பு 9, 10. சோப்பு இல்லாத கிளென்சருக்கு மாறினோம், அதுவும் அழுக்கு சேரும் இடங்களுக்கு மட்டும். பயத்தமாவு நல்லதுதானே என்பார்கள். வெடித்த தோலில் மாவைத் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மே 22

குளியல் தண்ணீரில் ஊற்றும் எண்ணெய் பாட்டில் பற்றிக் கேட்டவருக்கு: அதையும் சோதித்தாயிற்று, 2018, பலன் இல்லை. குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன் நேரடியாக உடம்பில் பூசுங்கள். தொட்டியில் கரைப்பதைவிட மலிவு, வழுக்கி விழவும் மாட்டீர்கள்.

ஜூன் 2

சாப்பாட்டுக்கு வருகிறேன். அத்தைமார்களைப் பகைத்துக்கொள்ளாமல் எழுதுவது சிரமம்.

அம்மாயியின் கரப்பான் பட்டியலில் கத்தரிக்காய், கருவாடு, முட்டை, சோளம், வேர்க்கடலை, மீன் எல்லாம் உண்டு. யோசித்துப் பார்த்தால் வீட்டில் ருசியாக இருந்த எல்லாம். எனக்கு ரசமும் சுட்ட அப்பளமும். வளர வேண்டிய வயதில் எலும்பும் தோலுமாக இருந்தேன், அந்தத் தோலிலும் எக்ஸிமா.

எக்ஸிமா உள்ள சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்தே இருக்கும், மறுக்கவில்லை. முட்டையோ பாலோ கொடுத்த சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடிப்பது, உதடு வீங்குவது, வாந்தி, மூச்சு இரைப்பு என்று வந்தால் அது அந்த ரகம். உடனே டாக்டர். அப்படி எதுவும் இல்லாமல், செவ்வாய்க்கிழமை கத்தரிக்காய் தின்றான் வெள்ளிக்கிழமை சொறிந்தான் என்று முடிச்சுப் போட்டால் தட்டில் சோறு மட்டும்தான் மிஞ்சும். எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய். இறங்குகிற வாரத்தில் எதை நிறுத்தியிருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும்.

லண்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு (2015) இதை இன்னும் தலைகீழாக்கியது. கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளில், வேர்க்கடலையைச் சீக்கிரமே கொடுத்துப் பழக்கியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை மிகக் குறைவு. ஒதுக்கி வைத்தவர்களுக்குத்தான் அதிகம். உடனே கைக்குழந்தை வாயில் கடலை மிட்டாயை வைத்துவிடாதீர்கள், அவர்கள் முதலில் டெஸ்ட் எடுத்து, விழுங்கக்கூடிய வடிவில் கொடுத்தார்கள்.

ஜூன் 3

அத்தையிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டாம். "டாக்டர் சொல்லிட்டார்" என்று முடித்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் தானாகத் திரும்பி வரும்.

ஜூன் 11

ஏன் எனக்கு மட்டும் என்று கேட்டவருக்கு. ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம், தோலின் மேலடுக்கு இறுக்கமாகவும் ஈரமாகவும் இருக்க உதவுவது. அதற்கான மரபணு பழுதாக இருப்பவர்களுக்கு எக்ஸிமா எளிதில் வருகிறது என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. எல்லோருக்கும் இதுவே காரணம் இல்லை. அந்தப் பழுது உள்ள பலருக்கு உள்ளங்கையில் ரேகைகள் மிக அதிகமாகவும் ஆழமாகவும் இருக்கும். எனக்கு அப்படித்தான். பவானி கூடுதுறையில் ஒரு கைரேகைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, காசை முதலிலேயே வாங்கியிருக்கக் கூடாது என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 7

மே 10இல் சொன்ன பாக்கி.

இணையத்தில் எக்ஸிமா என்று தேடினால் வருவதெல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டு. நம் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சாம்பல், ஊதா கலந்த கறுப்பு, காப்பிக்கொட்டை நிறம் என்று வரும். சில குழந்தைகளுக்குத் திட்டாகவே இருக்காது, மயிர்க்கால்கள் மட்டும் சின்னச் சின்னதாகப் புடைத்து, வயிற்றிலும் முதுகிலும் உப்புத்தாள் மாதிரி தெரியும். வேர்க்குரு என்று பவுடர் கொட்டுவோம். அதனால்தான் கண்ணை நம்பாமல் கையை நம்பச் சொன்னேன். தடிப்பும் சொரசொரப்பும் சூடும் இருந்தால் எக்ஸிமா இன்னும் உயிரோடு இருக்கிறது. வழவழப்பாகி, அரிப்பும் நின்று, கறுப்பு மட்டும் இருந்தால் அது போன வண்டியின் தடம். மாதக்கணக்கில் தானாக மங்கும். அந்தக் கறுப்புக்கு ஸ்டீராய்டைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கன்னத்தில் வெளிறிய வட்டம் வந்தால் "வயிற்றில் பூச்சி", "கால்சியம் கம்மி" என்பார்கள். பெரும்பாலும் அது லேசான எக்ஸிமா விட்டுப்போன தடம். பூச்சி மாத்திரையால் வட்டம் போகாது.

ஜூலை 8

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அரிக்கிறது, ராத்திரியில் அதிகம், விரல் இடுக்கில் கொப்புளம் என்றால் இந்தப் பக்கம் உங்களுக்கானது இல்லை. சிரங்காக இருக்கலாம். அது ஒட்டும், மருந்தும் வேறு, வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் போட வேண்டும். எக்ஸிமா ஒட்டாது. பள்ளியில் என் மகளைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தபோது டாக்டரிடம் இந்த ஒரு வரியை எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18

இதை மட்டும் அவசரமாகப் படியுங்கள்.

எக்ஸிமா உள்ள குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல், எக்ஸிமா இருந்த இடத்திலேயே ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், உடைந்தால் ஊசியால் குத்தி எடுத்த மாதிரி குழி, அரிப்பைவிட வலி அதிகம் என்றால் அன்றே மருத்துவமனை. வாயோரம் புண் வரவைக்கும் அதே ஹெர்ப்பிஸ் வைரஸ் பலவீனமான தோலில் பரவுவது இது. அசைக்ளோவிர் சீக்கிரம் கொடுத்தால் அடங்கும், கண் பக்கம் போனால் பார்வைக்கே ஆபத்து. நம் வீடுகளில் கொப்புளம் என்றாலே அம்மை, வாசலில் வேப்பிலை, "ஆத்தா வந்திருக்கா, ஊசி போடக் கூடாது." வேப்பிலை வாசலில் இருக்கட்டும், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி நீர் வடிந்தால் அது பாக்டீரியா. அதற்கும் டாக்டர்தான், ஆனால் அந்த அளவு பதற்றம் வேண்டாம்.

அக்டோபர் 29

நாளை மறுநாள் தீபாவளி. மாய்ஸ்சரைசர் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், வேகமாக எரியும். பாரஃபின் கலந்தது மட்டுமல்ல, எந்த வகையாக இருந்தாலும் கவனம் வேண்டும் என்று பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. அங்கே சிகரெட்டால் வந்த விபத்துகள், நமக்கு மத்தாப்பும் அகல் விளக்கும் அடுப்பும். துவைத்தாலும் துணியிலிருந்து முழுசாகப் போகாது. பூசிக்கொண்டு படுக்கிற பழைய சட்டையோடு பையனைக் கம்பி மத்தாப்பு கொளுத்த அனுப்பாதீர்கள். புதுச்சட்டை பருத்தியில் எடுங்கள், சரிகை கழுத்தில் உரசும்.

டிசம்பர் 22

மார்கழி. சென்னையில் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள், தோல் சிரிப்பதில்லை. ஜெல்லி டப்பா வெளியே வந்தாயிற்று.

அரிப்புக்குக் கொடுக்கும் அலர்ஜி மாத்திரை பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். அந்த மாத்திரை தடுப்பது ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை. எக்ஸிமா அரிப்பை ஓட்டுவது பெரும்பாலும் ஹிஸ்டமின் இல்லை, அதனால் அந்த மாத்திரை அரிப்பை அவ்வளவாகத் தொடாது. தூக்கம் வரவைக்கும் பழைய வகை, தூங்க வைக்கும், அதோடு சரி. ராத்திரிக்கு நாங்கள் செய்வது: நகத்தை ஒட்ட வெட்டுவது, பழைய வேட்டித் துணியில் தைத்த முழுக்கைச் சட்டை, மாய்ஸ்சரைசரைக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் பூசுவது. மகளிடம் "சொறியாதே" என்று சொல்வதை நிறுத்தினோம். சொன்னால் ஒளிந்து சொறிகிறாள்.

ஜனவரி 19, 2025

"வளர்ந்தால் போய்விடுமா?" பல பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். எனக்கும் கல்லூரியில் இல்லவே இல்லை. கல்யாணமாகிப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்ததும் கைக்கு வந்தது. பழைய தோல்தானே, தண்ணீரும் சோப்பும் பட்டால் முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான்.

என் கையில் ஒரு வேடிக்கை. வலது கை ஓரளவு நன்றாக இருக்கும். இடது கையில் கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல், இந்த மூன்றின் நுனி மட்டும் வெடித்து, தோல் காகிதமாக உரிந்து, கீறலில் உப்பு பட்டால் உயிர் போகும். சோப்பு என்றால் இரண்டு கையும்தானே போக வேண்டும்? தோல் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூண்டு எப்படி உரிப்பீங்க?" என்று கேட்டார். கத்தி வலது கையில், பூண்டுப் பல் இடது கையில், அந்த மூன்று விரலுக்கு நடுவில். முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டும் பூண்டைத்தான் காட்டியது. வலது கைக்காரச் சமையல்காரர்களிடம் இது தெரிந்த விஷயமாம்.

பூண்டை விடவில்லை, ரசம் எப்படி வைப்பது? இப்போது வீட்டுக்காரர் உரித்துக் கொடுக்கிறார். பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர். வெறும் ரப்பர் மட்டும் போட்டால் வியர்வையில் ஊறி இன்னும் கெடும். கையுறை உள்பக்கம் ஈரமானால் அப்போதே மாற்றுங்கள், அதனால் இரண்டு ஜோடியாக வாங்கி வைப்பது நல்லது.